நூற்றைம்பது வாட் கணினி

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவஸ்டன், இலுக்கும்புர என்று நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் பல்லேகம வரும். லக்கலப் பகுதியின் பழைய நகரம் இருந்த இடம் அது. களு கங்கை அணைக்கட்டு எழுந்தபோது பழைய நகரம் நீர்த்தேக்கத்துக்குள் போயிற்று. கடைகளும் அலுவலகங்களும் வேறிடத்துக்கு மாறின. மலை ஒருபுறம், காடு மறுபுறம் என்று இருந்த இப்படிப்பட்ட ஊர்களுக்கு மின்கம்பி வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. கம்பி எட்டாத ஊரில் ஒரு வால்வு வானொலியை வைத்து இலங்கை வானொலி கேட்பது 1950களில் லேசான காரியமில்லை. வால்வின் உள்ளிழையைச் சூடாக்க ஒரு பற்றரி வேண்டும். அதன் தகட்டுக்கு உயர் அழுத்தம் கொடுக்க 90 வோல்ட் அளவில் இன்னொரு பற்றரி வேண்டும். இரண்டும் பாரமானவை, விலை கூடியவை, விரைவில் தீர்ந்துபோகிறவை. கையடக்கமான டிரான்சிஸ்டர் வானொலி வந்த பிறகுதான் நாலைந்து சிறு பற்றரிகளோடு பாட்டும் செய்தியும் மலையேறின. ‘டிரான்சிஸ்டர்’ என்ற சொல்லே நம் ஊர்களில் வானொலிப் பெட்டிக்குப் பெயராகிவிட்டது.

டிரான்சிஸ்டருக்குள் இருந்த அதே ஜெர்மானியப் படிகத் துண்டுதான் பிரித்தானியாவில் கணினிக்குள்ளும் புகுந்தது. வானொலிக்குள் புகுவதற்கு முன்பே புகுந்தது என்பது பலர் அறியாத செய்தி. பிரித்தானியாவின் முதல் டிரான்சிஸ்டர் வானொலி 1956இல் கடைக்கு வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டிரான்சிஸ்டரால் கட்டிய ஒரு கணினி 1953 நவம்பர் 16 அன்றே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டது.

டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு தோற்றது, கணினி சிறுத்தது என்று மூன்று வரியில் இந்தக் கதையை முடித்துவிடுவது பாடநூல்களின் வழக்கம். நடந்தது அப்படியல்ல. 1953இல் கிடைத்த டிரான்சிஸ்டர் கிட்டத்தட்ட எல்லா விதத்திலும் வால்வைவிட மோசமான பொருள். அது மெதுவாக இயங்கியது. விலை அதிகம். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. எப்போது கெடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம்ப முடியாத உறுப்புகளைக் கொண்டு நம்பக்கூடிய ஒரு பொறியைக் கட்டுவதுதான் அந்தப் பொறியியலாளர்கள் கையில் எடுத்த வேலை. கணினி இயலின் பெரும்பகுதி அந்த வேலையிலிருந்து பிறந்தது என்று நான் கருதுகிறேன்.

முதலில் அந்த டிரான்சிஸ்டரைப் பார்ப்போம். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெயினும் செய்து காட்டியது புள்ளித்தொடர்பு வகை. ஜெர்மானியப் படிகத்தின் மேல் இரண்டு உலோக முனைகள், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இடைவெளியில், மெல்லத் தொட்டு நிற்கும். ஒரு முனையில் விடும் சிறு மின்னோட்டம் மறு முனையின் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கும். முனை சற்று நகர்ந்தால் குணம் மாறிவிடும். ஒரே நாளில், ஒரே மேசையில் செய்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஆனாலும் இந்த வகைக்கு ஒரு வரம் இருந்தது. உள்ளே போகும் மின்னோட்டத்தைவிட வெளியே வருவது கூடுதலாக இருக்குமாறு இதை இயக்கலாம். அதனால் ஒரே ஒரு டிரான்சிஸ்டரை வைத்து ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரு நிலைகளில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சுற்று அமைக்க முடிந்தது. வழக்கமாக அந்த வேலைக்கு இரண்டு உறுப்புகள் வேண்டும். டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் அரிய பொருளாக இருந்த காலத்தில் இது பெரிய சேமிப்பு.

மான்செஸ்டரில் டாம் கில்பர்னின் குழுவில் இருந்த ரிச்சர்ட் கிரிம்ஸ்டேல், டக்ளஸ் வெப் இருவரும் இந்தப் புள்ளித்தொடர்பு டிரான்சிஸ்டர்கள் 92, டையோடுகள் 550 கொண்டு முதல் மாதிரியைக் கட்டினார்கள். நினைவகத்துக்குச் சுழலும் காந்த உருளை. 1955 ஏப்ரலில் அதை விரிவாக்கினார்கள்: 200 டிரான்சிஸ்டர்கள், 1,300 டையோடுகள். அது உண்ட மின்சாரம் 150 வாட்.

இந்த எண்ணின் கனம் தெரிய வேண்டுமானால் அதே பல்கலைக்கழகத்தின் மூத்த கணினியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1949இல் இயங்கிய மான்செஸ்டர் மார்க் 1இல் வால்வுகள் 4,050. அதற்கு வேண்டிய மின்சாரம் 25 கிலோவாட், அதாவது நானூறுக்கு மேற்பட்ட 60 வாட் குமிழ்களை ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம். ஒவ்வொரு வால்வும் கணக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் உள்ளிழையைச் சூடாக வைத்திருக்கவே ஏறத்தாழ இரண்டு வாட் கேட்கும். அந்தச் சூட்டை வெளியேற்றக் காற்றோட்ட ஏற்பாடு தனியே வேண்டும். டிரான்சிஸ்டருக்கு உள்ளிழை கிடையாது. இரண்டு கணினிகளும் ஒரே அளவானவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். டிரான்சிஸ்டர் கணினி சிறியது, மெதுவானது. அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டாலும் 25,000 வாட்டுக்கும் 150 வாட்டுக்கும் இடையிலான இறக்கம் மிகப் பெரியது.

மார்க் 1ஐப் பல்லேகமவில் நிறுவ வேண்டுமென்றால் அதற்கெனத் தனி மின்நிலையமே கட்ட வேண்டியிருந்திருக்கும். 150 வாட் என்றால், 60 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு கார் பற்றரி கணக்குப்படி நாலரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இலங்கையின் கிராமப்புறங்களில் 1990களிலும் தொலைக்காட்சி பார்க்கக் கார் பற்றரியைத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் பண்ணி வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். 1955இல் யாரும் கணினியைக் கிராமத்துக்குக் கொண்டுபோக எண்ணவில்லை. ஆனால் கொண்டுபோகலாம் என்ற சாத்தியம் அந்த ஆண்டில்தான் பிறந்தது.

அந்த 150 வாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. 1955 கணினி பிழையில்லாமல் தொடர்ந்து ஓடிய நேரம் சராசரியாக ஒன்றரை மணி. அதற்குள் ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் தடுமாறிவிடும். நீண்ட கணக்கைத் தொடங்குகிறவர் அது முடியும் முன் பொறி நின்றுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் தொடங்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மான்செஸ்டர் கணினியில் வால்வு முற்றாக ஒழியவில்லை. எல்லாச் சுற்றுகளையும் ஒரே தாளத்தில் நடத்தும் கடிகாரத் துடிப்பை, விநாடிக்கு 1,25,000 வீதம் உண்டாக்கியவை வால்வுகளே. காந்த உருளையில் எழுதவும் வாசிக்கவும் வால்வுகள் வேண்டியிருந்தன. முழுக்க முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கணினி ஒன்றைக் கட்டும் முயற்சி இங்கிலாந்தின் இன்னொரு மூலையில், ஹார்வெலில் இருந்த அணுசக்தி ஆய்வு நிலையத்தில் நடந்தது. அங்கே டெட் குக்-யார்பரோவின் குழு எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. வால்வு வேண்டாம் என்றால், டிரான்சிஸ்டரால் தாங்கக்கூடிய வேகத்துக்குக் கணினியையே இறக்கிவிடுவோம் என்றார்கள். கடிகாரத்தை விநாடிக்கு 58,000 துடிப்புக்குக் குறைத்தார்கள். மான்செஸ்டரின் வேகத்தில் பாதிகூட இல்லை. 324 புள்ளித்தொடர்பு டிரான்சிஸ்டர்களும், உருளையிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்க 76 சந்தி டிரான்சிஸ்டர்களும் கொண்டு கேடட் என்ற அந்தக் கணினி 1955 பெப்ரவரியில் இயங்கியது. ஐரோப்பாவின் முதல் முழு டிரான்சிஸ்டர் கணினி அதுவே என்று கருதப்படுகிறது.

வேகத்தை விட்டுக்கொடுத்ததற்குப் பலன் கிடைத்தது. 1956 ஆகஸ்டிலிருந்து கேடட் நிலையத்தின் விஞ்ஞானிகளுக்கு அன்றாடக் கணிப்புச் சேவை வழங்கியது. 80 மணி நேரமும் அதற்கு மேலும் இடைவிடாமல் பல தடவை ஓடியது. மூன்று நாளைக்கு மேல் கண் இமைக்காமல் கணக்குப் போடும் பொறி, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடி நடுவழியில் நிற்கும் பொறியைவிடப் பயனுள்ளது. அணு உலைக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு வேண்டியது அதுதான்.

இதற்கிடையில் சந்தி டிரான்சிஸ்டர் முன்னுக்கு வந்தது. வில்லியம் ஷாக்லி கோட்பாட்டில் கண்ட வகை இது. இதில் தொட்டு நிற்கும் முனைகள் இல்லை. படிகத்துக்குள்ளேயே வேறுவேறு குணமுள்ள படலங்கள் ஒட்டி நிற்கும். அசைந்தாலும் குணம் மாறாது. மெட்ரோபொலிட்டன்-விக்கர்ஸ் நிறுவனம் மான்செஸ்டர் வடிவமைப்பை எடுத்து, சந்தி டிரான்சிஸ்டர்களைப் போட்டு, மெட்ரோவிக் 950 என்ற பெயரில் சில கணினிகளைச் செய்து பெரும்பாலும் தன் சொந்த வேலைக்கே வைத்துக்கொண்டது.

சந்தி டிரான்சிஸ்டருக்கும் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று வெப்பம். ஜெர்மானியத்தில், அணைந்திருக்க வேண்டிய நேரத்திலும் சிறிது மின்னோட்டம் கசியும். வெப்பநிலை எட்டுப் பத்து பாகை ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கசிவு ஏறத்தாழ இரட்டிக்கும். 15 பாகை மான்செஸ்டர் அறையில் ஒழுங்காக நடக்கும் ஒரு சுற்றை 35 பாகையில், நம் வரண்ட வலயத்துப் பகல் வெயிலில் வைத்தால் கசிவு நாலு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். கசிவு கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் கசிவு இன்னும் கூடும். சிலிக்கன் ஜெர்மானியத்தை விரட்டியதற்கு முதன்மையான காரணங்களில் இதுவும் ஒன்று.

மற்றக் குறை வேகம். உள்ளே போகும் மின்னூட்டங்கள் நடுப்படலத்தைக் கடந்து மறுபக்கம் சேர நேரம் எடுக்கும். படலம் தடிப்பாக இருந்தால் அந்த நேரம் கூடும். மலிவான சந்தி டிரான்சிஸ்டர்கள் வணிகக் கணினிக்குப் போதாத அளவு மந்தமாக இருந்தன. ஈஎம்ஐ நிறுவனத்தில் இளம் பொறியியலாளர் ஒருவர் அந்த மந்தமான டிரான்சிஸ்டரையே, சிறு காந்த வளையத்தின் துணையோடு உந்தித் தள்ளி வேகமாக இயக்கும் வழியைக் கண்டார். எமிடெக் 1100 என்ற அந்தக் கணினி பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த முதல் முழு டிரான்சிஸ்டர் கணினிகளில் ஒன்று. அந்தப் பொறியியலாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971இல் இலண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் நோயாளி ஒருவரின் மூளையை முதன்முதலாகப் படமெடுத்த சிடி ஸ்கேனரை உருவாக்கியவரும் அவரே. 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காந்த வளையமும் டிரான்சிஸ்டரும் கைகோத்த இன்னொரு கணினி எலியட் 803. இலண்டனுக்கு வடக்கே போர்ஹாம்வுட்டில் இருந்த எலியட் பிரதர்ஸ் இதைச் செய்தது. டிரான்சிஸ்டர் விலை கூடியது என்பதால், பல உள்ளீடுகளைக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கும் வேலையைச் சிறு ஃபெரைட் வளையங்களுக்குக் கொடுத்து, டிரான்சிஸ்டர்களைக் குறைத்தார்கள். சொல் ஒன்றுக்கு 39 இருமங்கள். நினைவகத்தில் 4,096 அல்லது 8,192 சொற்கள். பெரிய நினைவகம்கூட இன்றைய அளவில் 40 கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு கூட்டல் கட்டளைக்கு 576 மைக்ரோவிநாடி, ஆக விநாடிக்கு ஏறத்தாழ 1,700 கட்டளைகள். நிரல் துளையிட்ட காகித நாடாவில் வரும். கூடுதல் சேமிப்புக்குச் சினிமாப் படச்சுருளைப்போலவே ஓரத்தில் பல்துளை கொண்ட 35 மில்லிமீட்டர் காந்தச் சுருள். மேசையில் ஓர் ஒலிபெருக்கியும் உண்டு: கட்டளைகள் ஓடும் தாளம் அதில் கேட்கும். பழகிய காது, நிரல் சரியாகப் போகிறதா, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொண்டதா என்று ஒலியிலிருந்தே கண்டுபிடித்துவிடும். 200க்கும் மேற்பட்ட 803கள் விற்பனையாயின. அன்றைய பிரித்தானியக் கணினித் தொழிலுக்கு அது பெரிய எண்ணிக்கை.

இந்த 803இன் கதையில் இலங்கையும் வருகிறது. 1960இல் எலியட் நிறுவனத்தில் நிரலாளராகச் சேர்ந்த டோனி ஹோர், 1934 ஜனவரி 11 அன்று கொழும்பில் பிறந்தவர். தந்தை காலனிய நிர்வாகத்தில் இருந்தவர். தாய் ஒரு தேயிலைத் தோட்டக்காரரின் மகள். ஒக்ஸ்போர்டில் அவர் படித்தது கிரேக்கமும் இலத்தீனும் தத்துவமும். பிறகு கடற்படையில் ருஷ்ய மொழி பழகி, மொஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போய், ருஷ்யனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பொறிவழி மொழிபெயர்ப்பு பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். சொற்களை அகராதியில் தேட முதலில் அவற்றை அகரவரிசையில் அடுக்க வேண்டும். எப்படி வேகமாக அடுக்குவது? அந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடைதான் குவிக்சோர்ட்.

முறை எளிது. பட்டியலில் ஓர் உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறியவற்றை ஒருபுறமும் பெரியவற்றை மறுபுறமும் தள்ளுங்கள். இப்போது அந்த ஓர் உறுப்பு தன் சரியான இடத்தில் நிற்கிறது. இரண்டு பக்கங்களுக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். ஆயிரம் உறுப்புகளை, ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறியதைத் தேடி எடுத்து அடுக்கினால் ஐந்து லட்சம் ஒப்பீடுகள் ஆகும். குவிக்சோர்ட்டுக்குச் சராசரியாகப் பதினான்காயிரத்துக்கும் குறைவு. ஒப்பீடு ஒன்றுக்கு ஐந்து கட்டளைகள் என்று வைத்தால் 803இல் முதல் முறைக்கு இருபத்து நாலு நிமிடம், இரண்டாவதற்கு நாற்பது விநாடி. பொறி மெதுவாக இருந்ததனால்தான் முறையின் அருமை கண்கூடாகத் தெரிந்தது.

எலியட்டில் ஹோருக்குக் கொடுத்த முதல் வேலை, டொனால்ட் ஷெல் 1959இல் வெளியிட்ட அடுக்கும் முறையை 803க்கு எழுதுவது. எழுதி முடித்ததும் இதைவிட வேகமான முறை தன்னிடம் இருக்கிறது என்றார். மேலாளர் நம்பவில்லை, ஆறு பென்ஸ் பந்தயம். ஹோர் வென்றார். தன் முறையைத் தெளிவாக எழுதிக்காட்டச் சரியான மொழி அவருக்கு 1961இல் பிரைட்டனில் நடந்த அல்கோல் 60 வகுப்பில்தான் கிடைத்தது. பீட்டர் நாவர், எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பீட்டர் லாண்டின் மூவரும் அங்கே கற்பித்தார்கள். ஒரு செயல்முறை தன்னைத்தானே அழைக்கலாம் என்று அல்கோல் அனுமதித்தது. இரண்டு பக்கங்களுக்கும் இதையே செய் என்ற கட்டளை சில வரிகளில் அடங்கிவிட்டது.

பின்னர் 803க்கு அல்கோல் கம்பைலரை, அதாவது அல்கோலில் எழுதியதைப் பொறியின் கட்டளைகளாக மாற்றும் நிரலை, வடிவமைக்கும் பொறுப்பு ஹோருக்கு வந்தது. பின்னாளில் அவர் மனைவியான ஜில் பிம் அதில் உடன் உழைத்தார். அங்கே அவர்கள் எடுத்த ஒரு முடிவு ஹார்வெல்காரர்களின் முடிவோடு நேராகச் சேர்த்து வைக்கத் தக்கது. நூறு எண்கள் உள்ள அணியில் நூற்றோராவது எண்ணைக் கேட்டால் என்ன ஆகும்? கணினி எதையாவது எடுத்துக் கொடுத்துவிடும். விடை பிழையாகும், பிழை என்று யாருக்கும் தெரியாது. எனவே அணியைத் தொடும் ஒவ்வொரு தடவையும் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஓட்ட நேரத்திலேயே சோதிக்க வைத்தார்கள். விநாடிக்கு 1,700 கட்டளைகள் மட்டுமே போடும் பொறியில் இந்தச் சோதனை சிறிய செலவல்ல. சில ஆண்டுகள் கழித்து, வேகத்துக்காக இதை நிறுத்திவிடும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, எல்லோரும் ஒருமனதாக வேண்டாம் என்றார்கள். தங்கள் நிரல்களில் எத்தனை எல்லைமீறல்கள் பிடிபடுகின்றன என்பதை அவர்கள் அன்றாடம் கண்டிருந்தார்கள்.

அடுத்து வந்த எலியட் 503, 803இன் நிரல்களையே பன்மடங்கு வேகத்தில் ஓட்டக்கூடிய பொறி. அதற்குப் பெரிய அளவில் புதிய மென்பொருள் தருவதாக நிறுவனம் வாக்களித்தது; பொறுப்பு ஹோரின் தலையில். கடைசியில் புதிய அல்கோல் கம்பைலர் தயாரானபோது அது விநாடிக்கு இரண்டே எழுத்துகளை விழுங்கியது. பழையது ஆயிரம் எழுத்துகளை விழுங்கியிருந்தது. கம்பைலர் முதன்மை நினைவகத்துக்குள் முழுதாக அடங்கவில்லை. அதன் துண்டுகள் துணை நினைவகத்துக்கும் முதன்மை நினைவகத்துக்கும் இடையே ஓயாமல் போய்வந்துகொண்டிருந்தன. சிறிய மேசையில் சமைப்பவர் ஒவ்வொரு கரண்டிக்கும் அடுத்த வீட்டுக்கு ஓடுவதைப்போல, நேரம் முழுக்க நடையிலேயே போயிற்று. திட்டம் கைவிடப்பட்டது. முப்பது ஆள்-ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு வீணானதாக ஹோர் 1980இல் டியூரிங் விருது உரையில் மனந்திறந்து சொன்னார். இதே சிக்கலைக் கில்பர்னின் மான்செஸ்டர் குழு, 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் பொறிக்குள்ளேயே கவனித்திருந்தது: எந்தத் துண்டு முதன்மை நினைவகத்தில் இருக்க வேண்டும், எது வெளியேற வேண்டும் என்பதை அட்லஸ் தானே தீர்மானித்தது.

உறுப்புகள் கெட்டுப்போவதால் வரும் பிழை 1960களின் நடுவில் வெகுவாகக் குறைந்துவிட்டது. சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. பிழை இப்போது நிரலாளரின் பக்கம் வந்து சேர்ந்தது. 1968இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன ஹோர், மறு ஆண்டு ஒக்டோபரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிரலின் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் எது உண்மையாக இருக்க வேண்டும், கட்டளை முடிந்தபின் எது உண்மையாகும் என்று இரண்டு கூற்றுகளை எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தருக்க விதிகளால் நிறுவும் முறை அதில் இருந்தது. அணியைத் தொடும் கட்டளைக்கு முன்னால் எழுத வேண்டிய கூற்று, எண் 1க்கும் 100க்கும் இடையில் இருக்கிறது என்பது. அதை நிறுவிவிட்டால், 803 ஒவ்வொரு தடவையும் நின்று பார்த்த அந்தச் சோதனையை நிரல் ஓடத் தொடங்கும் முன்பே காகிதத்தில் ஒரே தடவை முடித்துவிடலாம்.